உரிமைக்கு ஏன் சலுகை என்று பெயர்?

மே, ஜூன் மாதங்களில் எண்ணூர், கத்திவாக்கம், எர்ணாவூர் பக்கம் உள்ள இ-சேவை மையங்களில் கூட்டம் அதிகமாக இருக்கும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கையில் பிளாஸ்டிக் உறையுடன் நிற்பார்கள். உள்ளே மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. அந்த வரிசையில் எப்போதும் யாராவது ஒருவர், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே, முன்னால் நிற்கும் பிள்ளையிடம் சொல்வார்: "உனக்கென்னப்பா, சலுகை இருக்கு."

சொன்னவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையின் நண்பனாகவே இருக்கலாம். ஆனால் பட்டியல் சாதியைச் சேர்ந்த அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. பையிலிருந்து எதையோ திருடியவன் போல முகம் சுருங்கும். கல்லூரிக்குப் போன பிறகும் வேலைக்குப் போன பிறகும் அந்தச் சொல் கூடவே வரும். ஆகவே அந்தச் சொல்லைத்தான் இன்று எடுத்துப் பார்க்க வேண்டும். சலுகை என்றால் என்ன? அது யாரிடம் இருக்கிறது?

தொழிற்சாலை வாசலில் கேட்ட சொல்

இப்போது கல்லூரிகளில் 'பிரிவிலேஜ்' என்ற ஆங்கிலச் சொல் அதிகம் புழங்குகிறது. "நீ பிரிவிலேஜ்டு, அதனால உனக்குப் புரியாது" என்று மாணவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஏதோ நேற்று இறக்குமதியான சொல் என்று தோன்றும். ஆனால் வடசென்னைக்கு அது பழைய சொல்.

எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. மணலியில் 1969-இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இந்த ஆலைகளோடு சேர்ந்து சில எழுத்துகளும் குடும்பங்களுக்குள் வந்தன: சி.எல்., பி.எல். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் "பையன் பி.எல். போட்டுருக்கான்" என்றால் புரியும். அந்த 'பி' என்பது பிரிவிலேஜ்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுதியது. சட்டம் அதைச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு என்றுதான் சொன்னது. அரசு அலுவலகங்களில் அதன் பெயர் ஈட்டிய விடுப்பு. உழைத்து ஈட்டியது. ஆனாலும் ஆலை வாசலில் அதற்குப் பிரிவிலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஏன் என்று பார்த்தால் காரணம் வாசலிலேயே தெரியும். 'பர்மனென்ட்' ஆளுக்கு அது உண்டு. அதே இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் 'காண்ட்ராக்ட்' ஆளுக்கு, சட்டத்தில் இருந்தாலும், நடைமுறையில் அது எட்டுவதில்லை. ஒப்பந்ததாரர் பெயர் மாறும், நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இருவருக்கும் உரியது ஒருவருக்கு மட்டும் கிடைக்கும்போது, கிடைத்தவரிடம் அது சிறப்புரிமை போலத் தெரிகிறது.

பிரிவிலேஜ் என்பதன் லத்தீன் வேர் 'தனி ஆளுக்கான சட்டம்' என்ற பொருள் கொண்டது. எல்லோருக்கும் ஒரு சட்டம், இவருக்கு மட்டும் வேறு சட்டம். அதுதான் அதன் முதல் பொருள்.

சட்டமன்றத்தில் அதன் பெயர் வேறு

இந்தச் சொல் இன்னொரு இடத்திலும் நமக்குப் பழக்கம். சட்டமன்றத்தில் 'உரிமை மீறல்' பிரச்சினை எழுப்பப்பட்டது என்று நாளிதழில் படிக்கிறோம். அரசியல் சட்டத்தின் 105, 194 ஆகிய பிரிவுகள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சில தனிப் பாதுகாப்புகளைத் தருகின்றன. அவைக்குள் பேசியதற்காக அவர்கள் மீது வழக்குப் போட முடியாது. அவையை அவமதித்ததாகச் சொல்லி வெளியாரைத் தண்டிக்கவும் அவைக்கு அதிகாரம் உண்டு. 1987-இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் சிறைக்கு அனுப்பப்பட்டது இந்த அதிகாரத்தின்படிதான். ஆங்கிலத்தில் இதன் பெயர் பிரிவிலேஜ். தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர் உரிமை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் உள்ள தனிச் சட்டத்துக்கு நாம் 'உரிமை' என்று பெயர் வைத்திருக்கிறோம். பட்டியல் சாதியினருக்கு அரசியல் சட்டம் எழுதிக் கொடுத்த உரிமைக்கு 'சலுகை' என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயர்கள் இடம் மாறிக் கிடக்கின்றன.

சலுகை என்பது நம் வீடுகளில் கடைக்குட்டிக்குக் கொடுப்பது. கொடுப்பவர் மனம் வைத்தால் உண்டு, மனம் மாறினால் இல்லை. வாங்குபவர் நன்றியோடு இருக்க வேண்டும். உரிமைக்கு நன்றி தேவையில்லை. இதனால்தான் இந்தப் பெயர் மாற்றம் சின்ன விஷயமல்ல. உரிமையைச் சலுகை என்று அழைத்தால், அதைப் பெறுபவர் தலை குனிந்து நிற்க வேண்டும் என்ற நியதி தானாக வந்துவிடுகிறது.

மிராசு என்ற பழைய சிறப்புரிமை

பிறப்பால் வரும் சிறப்புரிமைக்குத் தமிழ்நாட்டில் சொல் இல்லையா? இருக்கிறது. எண்ணூரும் பொன்னேரியும் அன்று சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் மிராசு.

மிராசு என்பது அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். பொருள், வாரிசாக வருவது. தமிழில் அதைக் காணியாட்சி என்றார்கள். தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் வேளாளர், பிராமணர் போன்ற சாதிகளின் குறிப்பிட்ட குடும்பங்கள் இந்த உரிமையை வைத்திருந்தன. விளைநிலம் மட்டும் அவர்களுடையது என்றால் அது சொத்து. ஆனால் மிராசு அதற்கு மேலே போனது. ஊரில் உள்ள தரிசு நிலத்தில் வேறு யாராவது பயிரிட விரும்பினால் முதல் உரிமை மிராசுதாருக்கே. குடியிருப்பு நத்தமும் தங்களுடையது என்று உரிமை கொண்டாடினார்கள். அதாவது சேரியில் குடிசை போட்டிருப்பவர், தான் குடியிருக்கும் மண்ணுக்கும் மிராசுதாரின் தயவில்தான் இருந்தார். கூலி உயர்த்திக் கேட்டால் குடிசையே போகும். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த எல்லிஸ், சென்னையில் ஆட்சியராக இருந்தபோது இந்த மிராசு உரிமை பற்றி எழுதிய விளக்கங்கள் 1818-இல் அச்சாயின. பிரிட்டிஷ் அரசு இதை அறியாமல் இருக்கவில்லை.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். நிலம் கேட்டு இம்மக்கள் மனுப் போட்டாலும் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நிற்கிறது, வீட்டு மனை கூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்று விவரமாகக் காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான அரசாணைதான், நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் ஒதுக்கீட்டுக்கு அடிப்படை. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நிலங்கள் கொடுக்கப்பட்டன. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இந்த நிலத்தை 'அரசு கொடுத்த சலுகை' என்று இன்றும் பலர் சொல்வதுண்டு. பல தலைமுறையாக முன்னுரிமை வைத்திருந்தவரின் மிராசுவை யாரும் சலுகை என்று சொன்னதில்லை. அது 'பரம்பரைச் சொத்து'. தடுக்கப்பட்டவருக்குக் கொஞ்சம் தரிசு ஒதுக்கியதும் அது சலுகை ஆகிவிட்டது. அந்தத் தரிசும் தங்கவில்லை. பஞ்சமி நிலத்தை மீட்கச் சொல்லிக் காரணை மக்கள் நடத்திய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். சலுகை பெற்றவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் தங்கள் நிலத்தைக் கேட்டதற்குக் கொடுத்த விலை அது.

வேலைநிறுத்தம் செய்ய முடிவதும் ஒரு வசதி

கிராமத்திலிருந்து தப்பி ஆலைக்கு வந்தால் இந்தக் கணக்கு முடிந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். வடசென்னையின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில்லை நம் பகுதியில் 'பின்னி மில்' என்பார்கள். 1921-இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்து மாதக்கணக்கில் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள், அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்கு அளவுக்கு மீறிச் செல்லம் கொடுப்பதாகக் குற்றம் சாட்டினார்கள். சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர்களின் குரலாக இருந்த எம்.சி.ராஜா அதை மறுத்து வாதாடினார். இரண்டு ஆண்டுகளில் அவர் அந்தக் கட்சியை விட்டே விலகினார்.

வேலைநிறுத்தத்தை உடைத்தவர்கள் என்ற பழி இன்றும் சில புத்தகங்களில் இருக்கிறது. அவர்கள் திரும்பியதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரு கேள்வியை மாணவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் கூலி இல்லாமல் இருக்க ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும்? ஊரில் ஒரு துண்டு நிலம், நெல் கொடுத்து உதவும் பங்காளி, கடன் தரும் கடைக்காரர், திரும்பிப் போனால் உட்கார ஒரு திண்ணை. மிராசு ஊரிலிருந்து வெறுங்கையோடு வந்தவருக்கு இதில் எது இருந்தது? போராட முடிவது கூட ஒரு வசதி. அந்த வசதி இருந்தவர்கள் அதை வசதி என்று உணரவில்லை, வீரம் என்று மட்டுமே நினைத்தார்கள்.

இதே காலத்தில் பம்பாயிலும் ஒரு கணக்கு இருந்தது. அங்கே பருத்தி ஆலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அதில் தலித்துகளைச் சேர்க்க மாட்டார்கள். தறி நாடாவில் நூல் மாற்றும்போது நூலை வாயால் இழுக்க வேண்டும், அந்த எச்சில் தீட்டு என்பது காரணம். 1928 வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் எழுப்பினார். நெசவுப் பிரிவுத் தொழிலாளி பணக்காரர் இல்லை. அவரும் முதலாளியிடம் கூலிக்குப் போராடியவர்தான். ஆனாலும் அவர் கையில் ஒரு மிராசு இருந்தது. சாதி என்பது தொழில் பிரிவினை மட்டுமல்ல, தொழிலாளர்களையே பிரிப்பது என்று 1936-இல் அம்பேத்கர் எழுதியதன் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

அதற்கு ஓராண்டு முன்னால், 1935-இல், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் தம் நூலில் இதே போன்ற ஒன்றைக் கண்டு சொல்லியிருந்தார். வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவாக இருந்தாலும், வெள்ளையர் என்பதால் ஊரில் கிடைக்கும் மரியாதை இன்னொரு கூலி போல அவருக்குச் சேர்கிறது என்றார் அவர். 1946-இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கடல் கடந்து இரண்டு பேரும் ஒரே நோயைப் பார்த்திருந்தார்கள்.

ஏழைக்கும் ஒரு மிராசு

"நானே கஷ்டப்படுறேன், எனக்கு என்ன பிரிவிலேஜ்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எண்ணூரில் யாரைப் பார்த்து வசதியானவர் என்று சொல்வது?

மீனவர்களை எடுத்துக்கொள்வோம். கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் சாம்பலும் சுடுநீரும் கலந்து மீன் குறைந்து போனதை அவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளியால் அள்ளிய கைகளில் அவர்கள் கைகளும் இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. இவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இதே நீர்வழியில் வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. அங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் அதிகம் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தங்களுக்குள் ஏற்றத்தாழ்வு வராமல் இருக்க நம் முன்னோர் கண்ட அருமையான ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பாராட்டுகிறார்கள். அது உண்மை. ஆனால் அந்த முறையில் சேரப் பட்டினவர் சாதியில், குறிப்பிட்ட ஊர்களின் தலைக்கட்டில் பிறந்திருக்க வேண்டும். அதே ஏரிக்கரையில் வாழும் தலித்துக்கும், சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளருக்கும் அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. துறைமுகத்திடம் கடலை இழந்த அதே மீனவர், இருளருக்கு முன்னால் ஏரியின் வாசலை வைத்திருப்பவராகவும் இருக்கிறார்.

நிவாரணம் வரும்போது இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 2023 எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு அரசு 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் அறிவித்தது. எந்த நிவாரணமும் ஒரு பட்டியலில்தான் தொடங்குகிறது. படகு உள்ளவருக்குப் படகு சாட்சி சொல்லும். சங்கத்தில் பெயர் உள்ளவருக்குச் சங்கம் சாட்சி சொல்லும். கையையே வலையாக வைத்திருப்பவருக்கு யார் சாட்சி? 2004 சுனாமியிலும் நாகப்பட்டினம் கரையில் தலித்துகளும் இருளர்களும் நிவாரணத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டது பதிவாகியிருக்கிறது.

தலித்துகளுக்குள்ளும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2009-இல் தமிழ்நாடு அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தது. 18 சதவீதத்துக்குள்ளும் சிலர் கதவருகே, சிலர் தொலைவில் நிற்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. ஒவ்வொரு சாதியிலும் பெண்ணுக்கு இன்னும் ஒரு படி கீழே. அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஒவ்வொருவர் காலுக்கும் கீழே ஒரு படி இருப்பதால், முழு ஏணியையும் சாய்க்க யாருக்கும் மனம் வருவதில்லை.

எனவே பிரிவிலேஜ் என்பது பணக்காரர், ஏழை என்று இரண்டாகப் பிரிக்கும் கோடு இல்லை. ஓர் இடத்தில் தள்ளப்படுபவர் இன்னோர் இடத்தில் தள்ளுபவராக இருக்கலாம். இதை ஒப்புக்கொண்டால் யாருடைய துன்பமும் குறைந்துவிடாது.

நாம் யோசிக்க வேண்டியிராத விஷயங்கள்

1980-களின் இறுதியில் பெக்கி மெக்கின்டோஷ் என்ற அமெரிக்கப் பேராசிரியை, வெள்ளையராகப் பிறந்ததால் அன்றாட வாழ்வில் தனக்குத் தானாகக் கிடைப்பவற்றைப் பட்டியல் போட்டார். தான் சுமந்துகொண்டிருந்தும் கண்ணுக்குத் தெரியாத பை என்று அதைச் சொன்னார். நம் ஊருக்கு அந்தப் பட்டியலைப் போட்டால் எப்படி இருக்கும்?

வாடகைக்கு வீடு பார்க்கும்போது "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற கேள்வி வந்தால் நெஞ்சு படபடக்காமல் பதில் சொல்ல முடிகிறதா? டீக்கடையில் எந்த டம்ளர் வருகிறது என்று பார்க்காமல் குடிக்க முடிகிறதா? பள்ளியில் கழிவறை கழுவ ஆள் தேடும்போது உங்கள் பிள்ளையின் பெயர் நினைவுக்கு வராமல் இருக்கிறதா? இறந்தவரைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பாதையில் போக அனுமதி கேட்க வேண்டியதில்லையா? குழாயில் வரும் தண்ணீரைச் சந்தேகமில்லாமல் குடிக்க முடிகிறதா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட பிறகு, இந்தக் கடைசிக் கேள்வி எத்தனை தலித் குடியிருப்புகளில் எழுந்திருக்கும்?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் "இதில் என்ன இருக்கிறது, இயல்புதானே" என்று தோன்றினால், அந்த இயல்புதான் பிரிவிலேஜ். அதற்குச் சான்றிதழ் கிடையாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. யாரும் வரிசையில் நின்று "உனக்கென்னப்பா" என்று கேட்கமாட்டார்கள்.

எண்ணூர்க்காரருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிந்து தெருவில் ஓடினார்கள். அந்தக் காற்றுக்குச் சாதி தெரியாது. ஆனால் மறுவாரமே வேறு பகுதிக்குக் குடிபோக முடிவது யாரால்? பணம் வேண்டும். பணம் இருந்தாலும், போகிற இடத்தில் சாதி கேட்காத வீட்டுக்காரர் வேண்டும். நச்சுக் காற்றிலிருந்து விலகிப் போக முடிவதும் ஒரு சிறப்புரிமை. சாதி அந்த வாசலையும் பாதி மூடி வைத்திருக்கிறது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

இட ஒதுக்கீட்டைச் சலுகை என்று நினைப்பது ஒரு காலத்தில் நீதிமன்றங்களின் பார்வையாகவும் இருந்தது. சமத்துவம் என்பது பொது விதி, இட ஒதுக்கீடு அதற்கு விதிவிலக்கு என்று கருதினார்கள். 1975-இல் கேரள அரசுக்கும் என்.எம்.தாமஸ் என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில் அது மாறியது. பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்குத் துறைத் தேர்வில் தேர்ச்சி பெறக் கேரள அரசு கூடுதல் கால அவகாசம் கொடுத்திருந்தது. அது சமத்துவத்துக்கு எதிரானது என்பது எதிர்த்தரப்பு வாதம். ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, பெரும்பான்மையாக அரசின் ஏற்பாட்டை ஏற்றது. ஒடுக்கப்பட்டவருக்கான சிறப்பு ஏற்பாடு சமத்துவத்துக்கு விதிவிலக்கு அல்ல, சமத்துவத்தை நடைமுறைப்படுத்தும் வழிகளில் ஒன்று என்ற கருத்து அங்கே வேரூன்றியது.

2022 ஜனவரி 20 அன்று, மருத்துவ மேற்படிப்புக்கான அகில இந்திய இடங்களில் இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு குறித்த வழக்கில், உச்ச நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. தேர்வு மதிப்பெண் மட்டுமே தகுதி ஆகாது என்றது. முன்னேறிய வகுப்பினருக்குக் கிடைக்கும் அனுகூலம் நல்ல பள்ளியோடும் பயிற்சி மையத்தோடும் முடிவதில்லை, குடும்பத்திலிருந்து வரும் தொடர்புகள், பேச்சு வன்மை, புத்தகச் சூழல் ஆகியவையும் அதில் அடங்கும் என்று விளக்கியது. மிராசு என்ற சொல்லை நீதிபதிகள் பயன்படுத்தவில்லை. சொன்னது அதைத்தான்.

மாணவர்கள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தேர்வுக்கு மட்டுமல்ல, வரிசையில் நிற்கும்போதும் உதவும்.

சலுகை கேட்டவர்களா அவர்கள்?

கடைசியாக, பக்கத்தில் நடந்த ஒன்று. 2025 ஆகஸ்ட் 1 முதல், ராயபுரம், திரு.வி.க.நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பல பேர் தலித்துகள். பத்தாண்டுக்கும் மேல் மாநகராட்சிப் பகுதிகளில் குப்பை அள்ளியவர்கள். தங்கள் மண்டலங்களின் பணியைத் தனியாருக்குக் கொடுக்க வேண்டாம், எங்களை நிரந்தரம் ஆக்குங்கள் என்பது கோரிக்கை. ஆகஸ்ட் 13 இரவு போலீசார் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள்.

"இவர்களுக்கு என்ன சலுகை கொடுத்தாலும் போதாது" என்று அந்த நாட்களிலும் சிலர் பேசினார்கள். அவர்கள் கேட்டதைக் கட்டுரையின் தொடக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். நிரந்தரம் என்றால் ஆலை வாசலில் நாம் பார்த்த அதே பி.எல். உழைத்து ஈட்டிய விடுப்பு, வேலைக்கு ஒரு பிடிமானம், முதுமைக்கு ஒரு வழி. ஒரு பக்கம், இந்த ஊரில் குப்பை அள்ளும் வேலை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட சாதிகளுக்கே வந்து சேர்கிறது. அதற்கு யாரும் ஒதுக்கீடு என்று பெயர் சொல்வதில்லை. அந்த வேலையில் கௌரவமாக நிற்க ஒரு காகிதம் கேட்டால் மட்டும் அது சலுகை.

பெயரைத் திருத்துவோம்

செங்கல்பட்டு மிராசு கிராமங்களில் காணியாட்சியைப் 'பங்கு' என்றே பிரித்துக் கணக்கு வைத்தார்கள். ஊரில் இத்தனை பங்கு, இவருக்கு ஒரு பங்கு, அவருக்கு அரைப் பங்கு என்று. பங்கு வைத்திருந்தவரை யாரும் சலுகை வாங்கியவர் என்று கேலி செய்யவில்லை. இட ஒதுக்கீடும் அதேதான். பிரிக்கும்போது விடுபட்டவருக்கு, பிறகு எழுதிச் சேர்த்த பங்கு. 'இட ஒதுக்கீட்டுச் சலுகை' என்று பேசுபவர்களும் எழுதுபவர்களும், நாளிதழ்களும் சேர்த்துத்தான், ஒரு முறை நிறுத்தி 'இட ஒதுக்கீட்டு உரிமை' என்று சொல்லிப் பார்க்கலாம். செலவில்லாத திருத்தம்.

பிறப்பால் ஒரு மிராசு வந்து சேர்ந்தவர்கள் அதற்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை. அதை அவர்கள் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அது இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். வாடகைக்கு வீடு விடும்போது தெருவைக் கேட்காமல் இருக்கலாம். பாட்டில் இருளருக்கும் ஒரு முறை வைக்கலாம். சங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியைச் சேர்த்துக்கொண்டு பேசலாம். வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் "உனக்கென்னப்பா" என்று சொல்லாமல் இருக்கலாம்.

அந்தப் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. சான்றிதழ் கைக்கு வந்ததும் உறையில் போட்டு மறைப்பதற்கு முன் ஒரு நிமிடம் அதைப் படித்துப் பார். உன் சாதி, 1950-ஆம் ஆண்டு அரசியல் சட்ட ஆணையின்படி பட்டியல் சாதி என்று எழுதியிருக்கும். அரசியல் சட்டத்தின் பெயரால் உனக்கு வந்த தாள் அது. பக்கத்தில் நிற்பவர் மறுபடியும் சலுகை என்று சொன்னால், கோபப்படாமல், சத்தமில்லாமல், "இல்லண்ணே, இது என் பங்கு" என்று சொல்.